சித்தி பேரில் மூன்று குற்றங்கள்

மாமா அன்று வந்ததும் முதலில் சித்தியின் உடம்பைப் பற்றித்தான் விசாரித்தார்.

"என்னடி, எலும்பும் தோலுமா ஆயிட்டே?"

"நைட் டியூட்டி முடிச்சுட்டு இப்பத்தான் வந்திருக்கேன். விஷயத்தைச் சொல்லுண்ணா."

சித்தி பூட்ஸைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. இடது பூட்ஸின் நுனியில் யாருடைய ரத்தமோ காய்ந்து கறுத்திருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லோருக்கும் டீ ஊற்றினேன்.

மாமா விஷயத்தைச் சொன்னார். நெடுஞ்சாலைக் கேமராவில் அவருடைய கார் மாட்டிக்கொண்டிருக்கிறது. எண்பதைத் தாண்டக் கூடாத இடத்தில் நூற்று முப்பது. வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது.

"யாரு ஓட்டினா?" என்றாள் சித்தி.

"நான்தான். ஆனா நான் ஓட்டியிருக்கக் கூடாது."

"பின்னே யாரு ஓட்டியிருக்கணும்?"

"நீ."

அம்மா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு உனக்கு லீவு. விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். என் நிலைமையைக் கொஞ்சம் யோசி. டிரைவிங் ஸ்கூல் வாசல்ல 'பாதுகாப்பே முதல் பாடம்'னு ஆள் உயரத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். அடுத்த மாசம் நகரசபைக்கு நிக்கிறேன். எதிர்ல நிக்கிறவன் நான் கொப்பளிச்சுத் துப்பினதைக்கூடப் படம் பிடிக்கிறான். இது வெளியே வந்தா நான் காலி."

"என் லைசென்ஸ் மட்டும் என்ன, கேட்பாரத்துக் கிடக்கா?"

"உனக்கென்னடி? நீ ஆம்புலன்ஸ். வேகமாப் போறதுக்குத்தானே உனக்குச் சம்பளமே. உன் பேர்ல ஒண்ணு விழுந்தா எவன் திரும்பிப் பார்க்கப் போறான்?"

"அதுவும் சரிதானே," என்றாள் அம்மா.

சித்தி பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். "எனக்குத் தூக்கம் வருது. அப்புறம் பேசலாம்."

மாமா கையிலிருந்த கண்ணாடி டம்ளரை மேஜையில் ஓங்கி அடித்தார். அது உள்ளங்கைக்குள்ளேயே நொறுங்கியது. சூடான டீயும் ரத்தமும் கலந்து மேஜை விளிம்பில் வழிந்தன. அம்மா அலறினாள். சித்தி தோள்பையைத் திறந்து பஞ்சும் துணிச்சுருளும் எடுத்து, அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெரிய சில்லு ஒன்றைப் பிடுங்கும்போது மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல கையால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"கட்டிட்டுப் போடு."

"ஒரு தடவைதான்."

"ஒரே தடவை."

சித்தி கட்டுப் போட்டாள். பிறகு கையெழுத்தும் போட்டாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களை வேகச் சட்டம் தொடாது என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்பினோம். ஊருக்கே டிரைவிங் சொல்லிக்கொடுத்த மாமாவும் நம்பினார். தினமும் சைரனோடு சிவப்பு விளக்குகளைத் தாண்டிப் போன சித்தியும் நம்பினாள். இவ்வளவும் அந்த நம்பிக்கையால் வந்தது.

சித்தி என் அம்மாவுக்கு ஒரே தங்கை. மாமா அவர்கள் இருவருக்கும் மூத்தவர். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். சித்திக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற மாணவர்கள் தவறு செய்தால் மாமா அதை மிதிப்பார். சித்தி தவறு செய்தால் அதைத் தொட மாட்டார், இரும்பு ஸ்கேலால் அவள் விரல் முட்டியில் அடிப்பார். கியரை உரசினால் ஓர் அடி. கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பினால் ஓர் அடி. ஒருமுறை அவள் வலி தாங்காமல் ஸ்டியரிங்கை விட்டுவிட, கார் மின்கம்பத்தில் போய் மோதி நின்றது. அதற்கும் அடி விழுந்தது. அவளுடைய இடது சுண்டுவிரல் இன்றும் நேராக நீளாது.

ஆனால் அப்படிக் கற்றவள் அபாரமாக ஓட்டினாள். முதல் தேர்விலேயே தேறினாள். "என் தங்கச்சி, என் கை பட்டு வளர்ந்தவ," என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கை பட்டது என்னவோ உண்மைதான் என்பாள் சித்தி.

கொஞ்ச காலம் சரக்கு வேன் ஓட்டினாள். பிறகு ஆம்புலன்ஸ் நிலையத்தில் சேர்ந்தாள். அங்கே அதுவரை பெண் டிரைவர் கிடையாது. முதல் நாள் ஒருவன், "அக்கா, கண்ணாடி இருக்கிறது பின்னாடி வர்ற வண்டியைப் பார்க்க. முகம் பார்க்க இல்லை," என்றான். சித்தி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய், அப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டியின் கொதிக்கும் பானெட்டில் அவன் கன்னத்தை வைத்து அழுத்தினாள். "இப்பப் பாரு, உன் முகம் தெரியுதா?" அதன் பிறகு அவனே அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுப்பான்.

அவளோடு வண்டியில் போகிற இளம் நர்ஸை எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை அரும்பாத முகம், மெல்லிய கை. ஒருமுறை குடிகாரன் ஒருவன் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து கம்பவுண்டரின் கழுத்தை நெரித்தான். சித்தி வண்டியை ஓரங்கட்டி, பின்பக்கம் ஏறி, ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்தது. பிறகு அந்தக் கைக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் இறக்கினாள். நிலையத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவள் ஏற்றியவர்களில் உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் அதிகம் என்பதால் அவளுக்கு எல்லாமே மன்னிக்கப்பட்டது.

ஊரிலும் அப்படித்தான். காய்கறிக் கடையில் அவளை வரிசையில் நிற்க விட மாட்டார்கள். "எங்க அப்பாவைத் தூக்கிட்டுப் போனவங்க" என்று யாராவது முன்னால் தள்ளிவிடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் அவளுடைய வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவள் டயர்க் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளில் தனியாக இருந்தாள். மாமா டம்ளர் உடைத்த மேஜை அந்த அறையில்தான் இருக்கிறது.

மாமா தேர்தலில் ஜெயித்தார். சில மாதங்களிலேயே மறுபடியும் கேமராவில் மாட்டினார். இந்தத் தடவை கேட்கவும் இல்லை. சித்தியின் பெயரை அவரே எழுதி, முதல் தாளைப் பார்த்து அவளைப் போலவே கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டார்.

நிலைய அதிகாரி கூப்பிட்டு விட்டபோதுதான் சித்திக்கே தெரியும். அவர் அறையில் நடந்ததை அவள் என்னிடம் நின்றபடியே சொன்னாள்.

"சைரன் போட்டு, கேஸ் இருக்கும்போதுதாம்மா நமக்கு விலக்கு," என்றாராம் அதிகாரி. "சொந்தக் கார்ல பறந்தா மத்தவங்களைவிட நமக்குத்தான் தண்டனை ஜாஸ்தி. ரெண்டு ஆயிடுச்சு. இன்னும் ஒண்ணு விழுந்தா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா உனக்கு இங்கே வேலை இல்லை. நானே நினைச்சாலும் காப்பாத்த முடியாது."

சொல்லிவிட்டு நேராக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். அவள் போன வேகத்தைப் பார்த்துப் பயந்து நானும் பின்னாலேயே போனேன். முற்றத்தில் பயிற்சிக் காரைச் சுற்றிப் புதிய மாணவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாமா டயர் மாற்றுவது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சித்தி அவர் கையிலிருந்த வீல் ஸ்பேனரைப் பிடுங்கி முன் கண்ணாடியில் அடித்தாள். முதல் அடியில் சிலந்தி வலை போல விரிசல் விட்டது. இரண்டாவது அடியில் கண்ணாடி உள்ளே கொட்டியது.

"என் சோத்துல கை வெச்சுட்டியேண்ணா!"

மாமா அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, திறந்திருந்த கதவின் விளிம்பில் நெற்றியை மோதினார். "மாணவங்க முன்னாடியாடி? மாணவங்க முன்னாடியா?" மறுபடியும் மோதினார். சித்தி குருட்டாம்போக்கில் கையை நீட்டிக் கதவைப் பிடித்து இழுத்து அறைந்து சாத்தினாள். மாமாவின் மூன்று விரல்கள் இடுக்கில் இருந்தன. அவர் போட்ட சத்தத்தில் சாலையில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

ஒரு மாணவர், கொஞ்சம் வயதானவர், மெதுவாக என்னைக் கேட்டார்: "இன்னிக்கு கிளாஸ் உண்டா?"

அன்று மாலை சித்தியின் நெற்றியில் தையல் போட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ரெண்டாவது பொய்னு சொன்னா மொதலும் பொய்னு வரும். மொததுல போட்டது என் கையெழுத்து. பொய்க் கையெழுத்துக்கு ஜெயில். ஜெயிலுக்குப் போனவளை எவன் ஆம்புலன்ஸ்ல ஏத்துவான்? விடு. இனி நத்தை மாதிரி ஓட்டுறேன்."

நத்தை மாதிரிதான் ஓட்டினாள். கேஸ் இல்லாத நேரத்தில் சைக்கிள்கள் அவளை முந்திக்கொண்டு போயின. கம்பவுண்டர் ஜன்னல் வழியாக, "அக்கா, அந்த நாய் நமக்கு வழி விட்டுட்டு நிக்குது, போங்க," என்பானாம்.

பிறகு ஒரு பிற்பகல், கட்டிட வேலை நடக்கும் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. சாரத்திலிருந்து ஓர் ஆள் விழுந்துவிட்டான். வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவன் இறந்துவிட்டிருந்தான். கூட வேலை பார்த்தவர்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கவாட்டு ஜன்னலைச் செங்கல்லால் உடைத்தார்கள். கம்பவுண்டரைக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார்கள். ஒருவன் தன் பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பால் சித்தியின் காதில் ஓங்கி அடித்தான். அந்தக் காது இப்போதும் பாதிதான் கேட்கும். "ஊர்வலமாடி வந்தே?" என்று கேட்டானாம். அவள் கம்பவுண்டரை வாரித் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

வண்டியில் நோயாளி யாரும் இல்லை. சைரனும் போடவில்லை. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர், "மெதுவாக்கா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடைவீதிக் கேமரா பளிச்சென்று மின்னியது. அதை அவளும் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று தெரிந்த பிறகு காலை எடுப்பதுதானே இயல்பு. அவள் இன்னும் அழுத்தினாள்.

வளைவுக்கு அப்பால் ரொட்டிக் கடைக்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வீடு வீடாக ரொட்டி கொடுப்பவர், எங்கள் தெருவுக்கும் வருவார். வண்டியின் பின்பார்வைக் கண்ணாடி அவர் தோளில் அடித்தது. அவர் விழுந்தார். பின் சக்கரம் அவர் காலின் மேல் ஏறி இறங்கியது. அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் இருக்கையில் உணர்ந்ததாகச் சித்தி சொல்லியிருக்கிறாள். சாலை முழுக்க ரொட்டி. அவள்தான் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள். அவள்தான் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினாள். சைரன் போட்டு, சிவப்பு விளக்குகளைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். அந்தப் பயணத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு.

ரொட்டிக்காரரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

லைசென்ஸ் போனது. வேலை போனது. 'மூன்று முறை அதிவேகம்: ஆம்புலன்ஸ் பெண் ஓட்டுநர் நீக்கம்' என்று பத்திரிகையில் படத்தோடு வந்தது. காய்கறிக் கடையில் அவளை முன்னால் தள்ளிவிட்ட அதே ஆட்கள் இப்போது, "வழி விடுங்கப்பா, அம்மாவுக்கு அவசரம், அடுத்த ஆளைத் தேடிப் போகணும்," என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று சைரன் மாதிரி ஊளையிட்டன. ஜன்னலில் கல் விழுந்தது. கண்ணாடி மாற்றினாள். மறுபடியும் விழுந்தது. அட்டையை வைத்து அடைத்துவிட்டாள்.

ரொட்டிக்காரரின் தம்பி ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து, கதவைத் திறந்தவளை முகத்தில் குத்தினான். ஒரு சொல் தாங்காத சித்தி, கையைத் தூக்கவில்லை. அவன் இன்னொரு குத்து விட்டான். உதடு கிழிந்தது. மூன்றாவதற்குக் கையை ஓங்கியவன், அவள் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். கீழே டயர்க் கடைக்காரர்தான் வந்து அவனைக் கூட்டிப் போனார்.

மாமா அப்போது நகரசபையின் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர். நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார். சித்தி போக வேண்டும் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மாமா நன்றாகப் பேசுவார். "வேகம் ஒரு நோய். அந்த நோய் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் சொந்தத் தங்கை, ஒரு முறை அல்ல, மூன்று முறை..." என்று குரல் தழுதழுக்க நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்தார். மண்டபம் கைதட்டியது.

சித்தி எழுந்து நடுவழியில் நடந்து மேடை ஏறினாள். தங்கை அண்ணனைக் கட்டிக்கொண்டு அழப் போகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவள் மைக் ஸ்டாண்டைத் தூக்கி, அதன் இரும்பு அடிப்பாகத்தால் அவர் வாயில் அடித்தாள். கைதட்டல் உடனே நிற்கவில்லை, பின்வரிசைகளில் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. இரண்டாவது அடி முழங்காலில் விழுந்தது. மாமா மண்டியிட்டார். பற்கள் மேடையில் உருண்டன. காவலர்கள் அவளைக் கீழே தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்கள். மைக் அவள் முகத்துக்குப் பக்கத்தில் அணையாமல் கிடந்தது.

"மொத ரெண்டும் யாருண்ணா ஓட்டினது?" என்றாள். மண்டபம் முழுக்க ஒலித்தது. "மூணுன்னு எண்ணத் தெரியுதே, உன்னோடது எத்தனைன்னு சொல்லு! என் கையெழுத்தை எந்தக் கையால போட்டே? நான் கட்டுப் போட்ட கையா, கதவுல நசுக்கின கையா?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். ரத்தம்தான் வந்தது.

அதன் பிறகு மறைக்க எதுவும் இருக்கவில்லை. இரண்டாவது தடவை கேமராவில் மாட்டிய அன்று மாமாவே அந்தக் காரைப் பணிமனைக்கு ஓட்டி வந்தார் என்பதை மெக்கானிக்கே வந்து சொன்னார். மாமா பதவியை விட்டார். டிரைவிங் ஸ்கூலின் ஆள் உயர எழுத்துகளின் மேல் யாரோ சாணி அடித்தார்கள், பிறகு ஜன்னல்களை உடைத்தார்கள். சித்தியின் ஜன்னலுக்கு வந்த கற்கள்தான் தெரு மாறிப் போயின என்று தோன்றியது. காய்கறிக் கடையில் அவளுக்கு மறுபடியும் வழி விட்டார்கள். "பாவம், அண்ணன் பண்ணின வேலை," என்றார்கள். ரொட்டிக்காரரின் காலைக்கூட மாமாதான் எடுத்தார் என்பது போலப் பேசினார்கள்.

வக்கீலுக்கு இந்தக் காற்று பிடித்திருந்தது. மேல்முறையீடு செய்தார். "முதல் இரண்டும் தானாக ரத்தாகிவிடும்," என்றார் என்னிடம். "மூன்றாவதுதான் பாக்கி. அன்று வண்டியில் ஒரு நோயாளி இருந்ததாகச் சொல்லிவிடலாம். மிதி வாங்கிய கம்பவுண்டர்தான் நோயாளி. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சைரன் செங்கல் பட்டுக் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை. கம்பவுண்டர் சாட்சி சொல்லத் தயார். லைசென்ஸ், வேலை, எல்லாம் திரும்பி வரும்." நீதிமன்றத்தின் மொழி சித்திக்கு வராது. அவள் சொல்வதை நான் அந்த மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு குற்றங்களும் அவள் பேரிலிருந்து நீங்கின. பொய்க் கையெழுத்துக்கும் மேடையில் அடித்ததற்கும் சேர்த்து அவள் சிறைக்குப் போய் வந்தாள். மூன்றாவது குற்றம் அவள் பேரில் நின்றது, ஒரு மனிதனின் காலை எடுத்ததோடு சேர்த்து. இனி எந்த ஆம்புலன்ஸிலும் ஓட்டுநர் இருக்கையில் அவள் உட்கார முடியாது. இப்போது அறைக்குக் கீழே அதே டயர்க் கடையில் வேலை செய்கிறாள். சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்து டயரை வளையத்திலிருந்து பிரிக்கிறாள். ஆம்புலன்ஸ் பஞ்சராகி வந்தால் வேறு யாரையும் தொட விட மாட்டாள். சக்கரத்தின் நட்டுகளை இறுக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் மறுபடி ஒருமுறை இறுக்குவாள். ரொட்டிக்காரர் ஊன்றுகோலில் அந்த வழியாகத்தான் போகிறார். கடையைத் தாண்டும்போது துப்புகிறார். அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அவர் போகும் வரை நிற்கிறாள். மாமா அம்மா வீட்டுக்கு மட்டும் வருகிறார். கட்டிய பற்களோடு பேச்சு குழறுகிறது.

மேல்முறையீட்டுக்கு எழுத வேண்டிய அன்று மதியம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தோம். டம்ளர் உடைந்த இடத்தில் மரத்தில் இன்னும் ஒரு குழி இருந்தது. வக்கீல் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வளைந்த சுண்டுவிரலால் அந்தக் குழியைத் தடவினாள்.

"கம்பவுண்டர் வண்டிக்குள்ளே எழுந்து உட்கார்ந்து எனக்குத் தண்ணி குடுத்தான். அவனைப் போய் நோயாளின்னு எழுதுவியா?"

"அப்படி எழுதினா வேலை கிடைக்கும் சித்தி."

"கிடைக்கும். ஒவ்வொரு தடவை சைரன் போடும்போதும் எனக்கு அந்த ரொட்டிதான் ஞாபகம் வரும்." பிறகு என் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"பாப்பா, உனக்கு அவங்க பாஷை நல்லா வரும். அதுல எல்லாத்தையும் நாசூக்காச் சொல்ல வழி இருக்கும், எனக்குத் தெரியும். எனக்காக அப்படி எதுவும் பண்ணாதே. கேஸ் இல்லை, சைரன் இல்லை, கோபத்துல மிதிச்சேன்னு எழுது. கேமராவைப் பார்த்த பிறகும் மிதிச்சேன்னு எழுது. மொத ரெண்டும் அவன் ஓட்டினது. இதை நான் ஓட்டினேன். என்னோட ஒண்ணை எனக்கு விட்டுடு."